பாவுத் தெருவில் புகை

நகரி
16-11-1959

அன்புத் தங்கை தாட்சாயணிக்கு அண்ணன் வேதாச்சலம் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. நாங்கள் சுகம். உனக்கு வாந்தி நின்றதா, சோறு இறங்குகிறதா என்று உன் அண்ணி ஜெயம்மா நாளைக்கு நாலு தரம் கேட்கிறாள். நாலாம் மாதம் தாண்டினால் சரியாகிவிடுமாம்.

மாப்பிள்ளையிடம் நீ கொடுத்தனுப்பிய லட்டு வந்தது. வியாழக்கிழமை காலை, பஸ் நின்ற பத்து நிமிஷத்தில் ஓட்டமாக வந்தார். வாசலிலேயே கொடுத்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் ஓடினார். கண்டக்டர் வேலை என்றால் மாமியார் வீட்டில்கூட மூச்சுவிட நேரம் இல்லை போலிருக்கிறது.

அவர் போய் அரை மணி ஆகியிருக்காது, தெருவில் தீ. அன்று முனிகிருஷ்ணன் வீட்டுப் பாவு. தெரு நீளத்துக்குத் தறி நூலை இழுத்து மூங்கில் கால்கள் மேல் நிறுத்தி, பன்னிரண்டு பேர் சேர்ந்து கஞ்சி போட்டு, எண்ணெய் தடவிக் காயவிட்டு, கூழ் குடிக்கப் போயிருந்தோம். எண்ணெய் ஏறிய நூல் எப்படிப் பற்றும் என்று உனக்குத் தெரியும். பத்துச் சேலைக்கான பாவு, நாங்கள் ஓடி வருவதற்குள் பாதிக்கு மேல் போய்விட்டது. முனிகிருஷ்ணன் வெறுங்கையால் நூலைப் பிடுங்கினான். வலது கை வெந்துவிட்டது. நான்தான் தினம் போய் மருந்து போடுகிறேன்.

தீ பிடித்த இடம் தாமோதரன் வீட்டுக்கு நேர் எதிரே. அவன் வாயில் பீடி இல்லாத நேரம் எது? நெருப்பில்லாமல் புகையாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கூட்டம் போட்டோம். பெரியதனக்காரன் என்கிற முறையில் நான்தான் தீர்மானம் சொன்னேன். இனி நம் தெருவில் காலையோ மாலையோ எந்த நேரமும் பீடி, சுருட்டு, சிகரெட் கூடாது. வாசலிலும் கூடாது. விருந்தாளி தப்புச் செய்தால் அவரை வரவேற்ற வீடு பொறுப்பு. மீறுகிறவன் வீட்டுப் பாவுக்கு ஒருவரும் போகக்கூடாது.

உடம்பைப் பார்த்துக்கொள். கனமான குடம் தூக்காதே.

உன் அண்ணன்
வேதாச்சலம்


திருப்பதி
24-11-1959

அண்ணாவுக்கும் அண்ணிக்கும் தாட்சாயணி நமஸ்காரம். எனக்கு வாந்தி நின்றுவிட்டது. இப்போது பசிதான் நிற்கவில்லை. புளிச்சகீரை கண்டால் விடுவதில்லை.

உங்கள் சட்டம் ரொம்ப நல்ல சட்டம், பெரியதனக்காரரே. முந்தாநாள் பஸ்ஸில் போனேன். பின்சீட்டில் ஒரு பெரியவர் சுருட்டை எடுத்தார். தலைக்கு மேலே ‘புகை பிடிக்கக் கூடாது’ என்று தமிழிலும் ‘பொக த்ராகராது’ என்று தெலுங்கிலும் எழுதியிருக்கிறது. கேட்டால், "எனிக்கு ரெண்டும் படிக்கத் தெரியாதும்மா" என்கிறார். புகையில் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அவருக்குச் சுருட்டு குடிக்க உரிமை இருக்கிறது என்றால், எனக்கு மூச்சு விட உரிமை இல்லையா?

உங்கள் கடிதத்தை இவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் முனிகிருஷ்ணன் கை வெந்த இடத்தில் எழுந்து கொல்லைக்குப் போய்விட்டார். தட்டில் சோறு அப்படியே இருந்தது. யாருக்கு அடிபட்டாலும் தாங்காத மனசு அவருக்கு.

ஒன்று கேட்கிறேன். தாமோதரன் அண்ணன்தான் என்று யாராவது கண்ணால் பார்த்தார்களா?

அண்ணி கையால் கொஞ்சம் எலுமிச்சை ஊறுகாய் யாரிடமாவது கொடுத்தனுப்பவும்.

அன்புத் தங்கை
தாட்சாயணி


நகரி
5-12-1959

தங்கைக்கு ஆசீர்வாதம். இங்கே யாவரும் நலம். ஊறுகாய் ஜாடி தயாராக இருக்கிறது. மாப்பிள்ளை வந்தால் கொடுத்தனுப்பலாம் என்று காத்திருக்கிறோம். அந்த வியாழனுக்குப் பிறகு அவர் இந்தப் பக்கம் இறங்கவேயில்லை.

யாரும் பார்க்கவில்லைதான். ஆனால் அவன் பேச்சைக் கேட்டிருந்தால் நீ இந்தக் கேள்வி கேட்டிருக்க மாட்டாய். இந்த வாரம் மறுபடி கூட்டம் கூட்டி அவனை அழைத்தோம். அபராதம் இல்லை, அடி இல்லை. சாமி முன்னால் விழுந்து, தப்பு செய்தேன் என்று ஒரு வார்த்தை சொல் என்றோம். காதில் பீடியைச் செருகிக்கொண்டு நடுக் கூட்டத்தில் நின்றான்.

"பாவு கட்டிக்கீற நேரத்துல நான் கெணத்துக்கு அப்பால போய்த்தான் குடிப்பேன். இருவது வருசமா அப்டித்தான். பாவு காயற நேரத்துல குடிக்காதன்னா அது நாயம், கேட்டுக்கிறேன். ராவுல, பாவே இல்லாத தெருவுல, என் வாசல்ல ஒக்காந்து குடிக்கக் கூடாதுன்னா அது இன்னா நாயம்? நா நோரு, நா இஷ்டம். என் வாயி, என் இஷ்டம். நகரி எந்த ராஜ்யத்துல இருக்கணும்னு என்ன ஒருத்தன் கேட்டானா? கோடு போட வந்தவங்கோ போட்டுக்கினு போய்ட்டாங்கோ. என் வாயில இன்னா இருக்கணும்னாவது நான் சொல்லக் கூடாதா? செய்யாத தப்புக்கு விழ மாட்டேன், போ" என்றான்.

இதைச் சொல்லிவிட்டு அங்கேயே பீடியைப் பற்றவைத்தான். சாமி சன்னிதி என்றுகூடப் பார்க்கவில்லை. அதற்குமேல் நான் என்ன செய்ய முடியும்? அவன் பாவுக்கு யாரும் போகக்கூடாது என்று சொல்லிவிட்டேன். ஊரோடு ஒத்துவராதவன் ஒற்றையாக நின்று பார்க்கட்டும்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

வேதாச்சலம்


திருப்பதி
2-1-1960

அண்ணா, அண்ணி இருவருக்கும் நமஸ்காரம். ஒரு மாதமாகக் கடிதம் போடவில்லை. கோபிக்க வேண்டாம். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. குழந்தை அசைய ஆரம்பித்துவிட்டது.

இவர் லைன் மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது காளஹஸ்திக்குப் போய் வருகிறார். நகரிப் பக்கம் வருவதில்லை. சிகரெட்டையும் விட்டுவிட்டார். உங்களுக்கு அவர் சிகரெட் பிடிப்பாரென்றே தெரியாது அல்லவா? மச்சான் எதிரில் புகைக்கிற மரியாதைகெட்டவர் இல்லை அவர். எங்கேயாவது மறைத்துவிட்டுத்தான் வாசல் ஏறுவார்.

தாமோதரன் அண்ணன் பேச்சை உங்கள் கடிதத்தில் நாலைந்து முறை படித்தேன். அவர் சொன்னதில் என்ன தப்பு, அண்ணா? பாவு காயும்போது கூடாது என்பதை அவரே ஒத்துக்கொள்கிறாரே. ஆளில்லாத தெருவில், அவர் வாசலில், அவர் பீடி. அது யாரைச் சுடுகிறது? கண்ணால் பார்க்காத குற்றத்துக்கு ஒரு குடும்பத்தைப் பட்டினி போடலாமா? அவர் மேல் போட்ட ஊர்க்கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். கேட்கிறவள் உங்கள் தங்கை.

வளைகாப்பு முடிந்ததும் என்னைப் பிரசவத்துக்கு அழைத்துப்போக வருவதாக அண்ணி எழுதியிருந்தார். தாமோதரன் அண்ணன் பாவு தெருவில் ஏறாமல் நான் அந்தத் தெருவில் கால் வைக்க மாட்டேன். காரணம் கேட்காதீர்கள்.

தாட்சாயணி


நகரி
9-1-1960

தாட்சாயணிக்கு அண்ணன் எழுதுவது. நாங்கள் சுகமாக இருக்கிறோம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். உன் கடிதத்தைப் படித்த உன் அண்ணி அன்று அடுப்பு மூட்டவில்லை.

ஒன்றரை மாதம் முன்னால் என் சட்டத்தைத் தலையில் வைத்து ஆடினாய். இப்போது தாமோதரனுக்கு வக்காலத்து. தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வரமாட்டேன் என்று எந்தப் பெண்ணாவது சொல்வாளா? ஊரில் நான் தலைகாட்ட முடியுமா?

அவன் பட்டினி கிடப்பது எனக்கு மட்டும் சந்தோஷமா? போன வாரம் அவனும் அவன் பெண்டாட்டி செல்லியம்மாவும் ரெண்டு பேராகவே ஏரிக்கரையில் பாவை இழுத்துக் கட்டினார்கள். பன்னிரண்டு பேர் செய்கிற வேலை. ஒரு முனையில் கஞ்சி போட்டுக்கொண்டு வருவதற்குள் மறுமுனை காய்ந்து விறைத்து, நூல் நூலாக அறுந்தது. செல்லியம்மா அறுந்த நூலை மடியில் அள்ளிக்கொண்டு நம் வாசல் வழியாகத்தான் போனாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஆனால் சட்டம் என்று ஒன்று வேண்டாமா? பீடியோ சிகரெட்டோ, அணைந்துவிட்டது என்று நினைத்து மூங்கில் பொந்தில் செருகினால் நெருப்பு சும்மா இருக்குமா? ஒருத்தருடைய அஜாக்கிரதைக்கு ஒரு தெருவே எரிய வேண்டுமா? நீ படித்த பெண், யோசித்துப் பார்.

மாசியில் வளைகாப்பு. பிடிவாதத்தை விட்டுவிட்டு வந்து சேர்.

வேதாச்சலம்


திருப்பதி
14-1-1960

அண்ணா,

நமஸ்காரம். இன்று பொங்கல். பானை பொங்கிற்று, எல்லோரும் நலம்.

மூங்கில் பொந்து என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் கடிதத்தில் அது இல்லை. கூட்டத்தில் பேசியதாக நீங்கள் எழுதியதிலும் இல்லை. ஊர் முழுக்கத் தாமோதரன் அண்ணன் பீடியை வீசினார் என்றுதானே பேச்சு? பொந்தில் செருகியது செருகினவருக்கும், மார்கழியில் ஒரு நாள் அவர் அழுதுகொண்டே சொல்லிக் கேட்ட எனக்கும் மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தேன்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? அன்று இவர் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் சிகரெட் பற்றவைத்தார். பஸ்ஸுக்குள்தான் போர்டு இருக்கிறதே. தெரு முனை திரும்பியதும் நம் வாசலில் நீங்கள் நிற்பது தெரிந்திருக்கிறது. உங்கள் எதிரில் கையில் சிகரெட்டோடு வரலாமா? சுவரில் தேய்த்து அணைத்து, மிச்சப் பாதியை ஒரு டிக்கெட்டில் சுற்றி, திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று பாவு நிற்கிற மூங்கிலின் வாயில் செருகினார். மூங்கில் விளிம்பு நூலை அறுக்காமலிருக்க நாம் அந்த வாயில் கந்தல் திணித்து வைப்போம் என்பது கண்டக்டருக்கு என்ன தெரியும்? பஸ் ஹார்ன் கேட்டது, மறந்து ஓடிவிட்டார். உங்களுக்குக் காட்டிய மரியாதைதான் அண்ணா தெருவைக் கொளுத்தியது.

மடியில் கனம், அதனால் லைனை மாற்றிக்கொண்டார். வேலை போய்விடும், பிள்ளை பிறக்கப்போகிறது என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். அது என் தப்பு. ஒத்துக்கொள்கிறேன்.

நீங்கள் எதைக் கண்டீர்கள்? எப்போது கண்டீர்கள்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, அந்தச் சோற்றையும் தாமோதரன் அண்ணன் வீட்டிலிருந்தா எடுத்தீர்கள்?

தாட்சாயணி


நகரி
20-2-1960

தாட்சாயணிக்கு.

உன் கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது? வளைகாப்புக்கு எடுத்த வளையல்கள் மாடத்தில் இருக்கின்றன. உன் அண்ணி தினமும் துடைத்து வைக்கிறாள்.

தீ அணைந்த அன்று சாயந்திரமே கண்டேன். மூங்கில் கால்களைத் தெருவிலிருந்து எடுத்து வைத்தது நான்தான். ஒன்றின் வாய் கருகியிருந்தது. கவிழ்த்தேன். சிகரெட் துண்டும், ஓரம் கருகிய, துளை போடாத பஸ் டிக்கெட்டும் விழுந்தன. அந்த டிக்கெட் யார் கையில் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அன்று நம் தெருவுக்குள் வந்த கண்டக்டர் ஒருவர்தானே.

யாரும் பார்க்காமல் மடியில் கட்டிக்கொண்டேன். இப்போது என் நூல் பெட்டியில் இருக்கிறது. முதல் கூட்டத்துக்கு மூன்று நாள் முன்னாலேயே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் தீர்மானம் சொன்னேன். நீ நாலு மாதம். கலவரமாகி உனக்கு ஏதாவது ஆகிவிட்டால்? பஸ்ஸில் புகை கூடாது என்று சொல்கிறவரே ஒரு தெருவைக் கொளுத்தினார் என்று தெரிந்தால் கம்பெனி வைத்துக்கொள்ளுமா? தாமோதரன் ஒரு வார்த்தை தப்பு என்று சொல்லிவிட்டால் ஒரு வாரத்தில் எல்லாம் அடங்கிவிடும் என்று கணக்குப் போட்டேன். அவன் சொல்லவில்லை. செய்யாதவன் எப்படிச் சொல்வான்?

அவன் வீட்டைக் காலி செய்யப்போகிறான். திருத்தணி ஏப்ரல் முதல் தேதி மதராஸ் ராஜ்யத்துக்குப் போகிறதல்லவா, "நானும் அந்தப் பக்கமே போறேன், இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒருத்தனும் இல்ல" என்று கடைத்தெருவில் சொன்னானாம். தறியைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டான். எனக்குத் தூக்கம் இல்லை.

படித்ததும் கிழித்துப்போடு.

வேதாச்சலம்


திருப்பதி
25-2-1960

அண்ணாவுக்கு நமஸ்காரம். அண்ணியை அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். நானும் பிள்ளையும் நலம்.

கடிதத்தைக் கிழிக்கவில்லை. இவரிடம் கொடுத்தேன். படித்தார். ஞாயிற்றுக்கிழமை லீவு எழுதிக் கொடுத்திருக்கிறார். முதல் பஸ்ஸில் வருகிறார். கூட்டம் கூட்டி வையுங்கள். நீங்கள் அவரைக் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. அவரே சொல்வார்.

தாட்சாயணி

மச்சானுக்குக் கோவர்த்தனன் வணக்கம். தாட்சாயணி எழுதிய இந்த இடத்துக்குக் கீழே ரெண்டு வரி எழுத இடம் கேட்டு வாங்கினேன். நாலு மாதம் நீங்கள் என்னைக் காப்பாற்றியதற்கு நன்றி சொல்ல முடியவில்லை. அது வேறொருத்தர் வயிற்றில் அடித்த காப்பாற்றல். வேலை போனால் போகட்டும். கூட்டத்தில் எனக்குப் பரிந்து பேசாதீர்கள்.


நகரி
9-3-1960

அன்புத் தங்கை தாட்சாயணிக்கு வேதாச்சலம் எழுதுவது. நீயும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும்.

மாப்பிள்ளை என்ன சொன்னார், எவ்வளவு சொன்னார் என்று தெரியவில்லை. நடந்ததை நான் எழுதுவதுதான் முறை.

கூட்டத்தில் அவர் எழுந்து எல்லாவற்றையும் சொன்னார். தெரு நம்பவில்லை, தாட்சாயணி. "மாப்ள தங்கமானவரு, யாரோ குடும்பம் கெட்டுப் போவுதேன்னு பழிய இவுரு ஏத்துக்கிறாரு" என்று ஆளுக்கு ஆள் பேசினார்கள். கிழவர் பாலசுந்தரம் அவர் கையைப் பிடித்து உட்காரச் சொன்னார். அப்போது தாமோதரன் மட்டும் என்னைப் பார்த்தான். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். நான் என்ன செய்வேன் என்று பார்த்தான், அவ்வளவுதான்.

பேசாமல் இருந்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். மாப்பிள்ளைக்கு நல்ல பெயர், எனக்கும் நல்ல பெயர். என் கால் எப்படி எழுந்தது என்று எனக்கே தெரியவில்லை. வீட்டுக்குப் போய் நூல் பெட்டியைத் திறந்து அந்தச் சிகரெட்டையும் டிக்கெட்டையும் கொண்டுவந்து கோயில் தட்டில் வைத்தேன். எப்போது எடுத்தது என்றும் சொன்னேன்.

முனிகிருஷ்ணன் எழுந்து வந்தான். வெந்து சுருங்கிப்போன வலது கையை என் எதிரில் நீட்டினான். "தெனமும் இந்தக் கைக்கு மருந்து போட வந்தியே. தெரிஞ்சிக்கினேதான் போட்டியா?" என்றான். ஆமாம் என்றேன். அவன் அழுதான். அவன் அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

தீர்மானத்தை நான்தானே எழுதினேன். விருந்தாளி தப்புக்கு வரவேற்ற வீடு பொறுப்பு. பெரியதனத்தை அங்கேயே இறக்கி வைத்துவிட்டேன். ஆறு மாதம் நம் வீட்டுப் பாவுக்கு யாரும் வரக்கூடாது என்று பாலசுந்தரம் சொன்னார். நான் மறுக்கவில்லை. தாமோதரன் மேல் போட்ட கட்டை எடுத்தார்கள். புகைக் கட்டு பாவு தெருவில் நிற்கிற நேரத்துக்கு மட்டும் என்று மாற்றினார்கள். அவன் டிசம்பரில் சொன்னதும் அதுதான். எடுத்துவிட்டோம் என்று சொன்னபோது அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

நேற்று நம் பாவு. தறி சும்மா கிடந்தால் உலை வைப்பது எப்படி? நானும் உன் அண்ணியும் விடியும்போதே மூங்கில் கால்களை நட்டு இழுத்தோம். ரெண்டு பேரால் முடியாது என்று தெரிந்துதான் இழுத்தோம். தெரு முழுக்கக் கதவு திறந்திருந்தது, ஒருவரும் இறங்கவில்லை. கஞ்சி ஒரு பக்கம் காய ஆரம்பித்துவிட்டது. உன் அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டே தேய்த்தாள். எனக்கு ஏரிக்கரையில் செல்லியம்மா நின்றது கண்ணில் நின்றது.

அப்போது மறுமுனையில் நூல் இழுபடுவது கையில் தெரிந்தது. நிமிர்ந்தேன். தாமோதரன். காதில் பற்றவைக்காத பீடி. பக்கத்தில் கஞ்சிச் சட்டியோடு செல்லியம்மா.

"தாமோதரா, ஊர்க்கட்டு கீது. வராதே" என்றேன்.

"எந்தக் கட்ட நான் கேட்டுக்கீறேன், இத கேக்க?" என்றான். "உனுக்காக வர்ல. நூலு காயுது, பேசிக்கினு நிக்காத. இழு."

இழுத்தேன். உச்சி வெயில் வரை நாலு பேரும் வேலை செய்தோம். பாதி வேலையில் கையைத் துடைத்துக்கொண்டு தெருவின் கடைசிவரை நடந்து, கிணற்றைத் தாண்டி நின்று அந்தப் பீடியைக் குடித்தான். அணைத்து, காலால் மண்ணில் தேய்த்து, தண்ணீர் சேந்தி அதன் மேல் ஊற்றினான். பிறகு வந்து நூலைப் பிடித்தான். இருபது வருஷமாக அவன் அப்படித்தான் செய்துகொண்டிருந்திருக்கிறான். அதே தெருவில் இருந்த நான் ஒரு நாள்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

அவன் திருத்தணிக்குப் போவானா, இருப்பானா என்று தெரியாது. கேட்க எனக்கு வாய் வரவில்லை. பிரித்த தறி இன்னும் அவன் வாசலில்தான் கிடக்கிறது. ஆனால் நாளை அவன் வீட்டுப் பாவு தெருவில் ஏறுகிறது. என்னைக் கூப்பிடவில்லை. விடிவதற்கு முன்னால் போய் நிற்கப்போகிறேன், துரத்தினால் திரும்பி வருகிறேன்.

நீ கேட்டது நடக்கப்போகிறது. மாப்பிள்ளையோடு வா. வளையல்களை அண்ணி இன்றைக்கும் துடைத்து வைத்தாள்.

உன் அண்ணன்
வேதாச்சலம்